கிணற்றுக்குள் இறங்கியவர்

தேங்காய் நார்க் கயிறு ஒன்று. ஒரு முழத்துக்கு ஒன்றாக அதில் பழைய சேலைக் கிழிசலால் போட்ட முடிச்சுகள். அந்தக் கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்தபடி ஒரு பெண் எங்கள் வாசலில் அப்பாவின் முன்னால் நின்ற காலைப்பொழுது எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பத்து வயது.

கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஊரிலேயே முதலில் எண்ணெய் எஞ்சின் வாங்கிக் கிணற்றில் வைத்தவர் அப்பா. கவலை இறைக்கும் மாடுகள் நாளெல்லாம் தோல்பறியில் இழுத்த தண்ணீரை அது பொழுது ஏறுவதற்குள் கொட்டிவிடும். முதல் வருஷம் ஊரே வேடிக்கை பார்த்தது. இரண்டாவது கோடையில், எங்கள் நிலத்துக்குக் கீழே இருந்த கூலிக்காரர் தெருவின் கிணறு சேறாகிவிட்டது. பெண்கள் குடத்தோடு இரண்டு மைல் நடந்தார்கள். அந்தத் தெரு ஆண்களில் பாதிப் பேர் கிருஷ்ணகிரிப் பக்கம் அணை வேலைக்குப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு அப்பாவிடம் பேசத் தயக்கம். அவர் நிலத்தில்தான் பிழைப்பு.

வாசலில் நின்றவர் எங்கள் கேழ்வரகுக் காட்டில் களையெடுக்கும் பெண்களை முன்நின்று நடத்தியவர். எங்கள் வீட்டில் சின்னவர்கள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். இங்கே அக்கா என்றே எழுதுகிறேன்.

"மழ பொய்ச்சது எல்லாருக்குந்தாங்கய்யா," என்றார். "ஆனா எஞ்சினு ஓடுற அன்னிக்கு எங்க கெணறு ஒரு முடிச்சு எறங்கிப்போவுது. அஞ்சு நாளு எஞ்சினு கெட்டு நின்னுச்சே, அப்ப அஞ்சு முடிச்சு ஏறுச்சு. ஒரு நாளு விட்டு ஒரு நாளு ஓட்டுனா எங்களுக்கும் தண்ணி நிக்குங்கய்யா."

அப்பா சிரித்தார். "ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா வரச்சொல்லு. நீ வந்து எனக்குத் தண்ணியப் பத்திச் சொல்றியா?"

"அவங்களுக்குத் தெரியாதுங்கய்யா. தண்ணி சேந்துறது நாங்கதான்."

மறுநாளிலிருந்து அவரைக் களைக்குக் கூப்பிடவில்லை.

அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தெருக் கிணற்றில் இறங்கிவிட்டார் என்று எங்கள் மாட்டுக்கொட்டகையைக் கூட்ட வந்த பெண் சொன்னாள். தெருவின் பெரியவர் ஒருவர், பொம்பளை கால் பட்டால் ஊற்று ஓடிப்போய்விடும் என்று தடுத்தாராம். "இப்ப மட்டும் இங்க இருக்குதா, ஓடிப்போறதுக்கு?" என்று கேட்டுவிட்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டாராம்.

அந்தத் தெருவுக்கு நாங்கள் போகக் கூடாது. நான் போனேன். அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கிணற்றின் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். கீழே, முடியெல்லாம் சேறு அப்பிய ஓர் உருவம் பாறையைக் குத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குத்தும் என் நெஞ்சின் கீழிருந்த மண்ணில் அதிர்ந்தது. மேலே பெண்கள் வரிசையாக நின்று கூடை கூடையாகச் சேற்றை இழுத்தார்கள். தண்ணீர் என்றால் வீட்டில் குடத்தில் இருப்பது என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். அது மண்ணுக்குள் நடமாடுகிறது, எங்கள் கிணற்றில் இழுத்தால் இன்னொருவர் கிணற்றில் குறைகிறது என்பதை எழுத்தறியாத ஒருவர் ஒரு கயிற்றைக் கொண்டு கண்டுபிடித்திருந்தார்.

ஒன்பதாம் நாள் உள்ளிருந்து ஒரு கத்தல். பதற்றத்தில் அக்காவுக்குக் கன்னடம்தான் வரும். "நீரு பந்த்து! நீரு பந்த்து!" தண்ணீர் வந்துவிட்டது. பாறையிடுக்கிலிருந்து விரல் கனத்தில் பீய்ச்சி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கணுக்காலை மூடியது. மேலே நின்றவர்கள் அழுதார்கள். அவர் அங்கேயே நின்று அண்ணாந்து எங்களைப் பார்த்தார்.

அப்பாவும் வந்து பார்த்தார். அடுத்த வாரம், "எஞ்சின் சூடாவுது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டு" என்று ஆளிடம் சொன்னார். களைக்கும் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். தான் சொன்னது தவறு என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை.

இன்று அந்தப் பக்கமெல்லாம் தொழிற்சாலைகள். ஆழ்துளைக் கிணறுகள் எவ்வளவு ஆழம் போகின்றன என்று எனக்குத் தெரியாது. நிலத்தடி நீர் பற்றி யாராவது மேடையில் பேசக் கேட்டால், பேசுபவரை விட்டுவிட்டு அக்காவைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஊற்று வந்த அடுத்த வருஷம் அந்தத் தெருக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டி, பெயர் வெட்டிய கல் பதித்தார்கள். பள்ளிவிட்டு வரும் வழியில் அக்கா என்னை நிறுத்தினார். "என்னா பாப்பா எழுதியிருக்குது?"

படித்தேன். முதலில் அப்பா பெயர். பிறகு, பெண் இறங்கக் கூடாது என்று தடுத்த பெரியவரின் பெயர். அதற்குமேல் எழுத்தில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார். கொஞ்ச நேரம் கல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு குடம் சேந்தி, "குடிக்கிறியா பாப்பா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டு ஆட்களிடம் அந்தத் தெருவில் யாரும் கேட்கத் துணியாத கேள்வி அது. புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் குவித்து நீட்டினேன். அவர் ஊற்ற ஊற்ற, போதும் என்று சொல்லத் தோன்றாமல் குடித்துக்கொண்டே இருந்தேன்.