பாண்டிமீனாவின் பிடிமண்

என் அப்பா இருளாண்டிக்கு எழுபத்தோரு வயது. திருப்பூரில் எங்கள் வாடகை வீட்டுக்குள் நுழையும்போது இன்றைக்கும் இரும்புக் கேட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி வைத்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார். ஏதோ வேண்டுதல் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. வேண்டுதலும் இல்லை, ஒன்றும் இல்லை. எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளில் இருபத்தேழு வருடம் வெடிமருந்து கலக்கியவர் அவர். மருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உடம்பிலிருக்கும் மின்சாரத்தை அதில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் ஒரு பொறி போதும். இப்போது அவருக்கு எல்லாமே மறந்துகொண்டு வருகிறது. கை மட்டும் மறக்கவில்லை.

மறதி தொடங்கி இரண்டு வருடம் இருக்கும். முதலில் காலையில் சாப்பிட்டது மறந்தது, அப்புறம் என் பிள்ளைகளின் பெயர். நான் பொறுமைசாலி இல்லை. கேட்டதையே மூன்றாவது தடவை கேட்டால் எரிந்து விழுந்துவிடுவேன். அப்புறம் மொட்டைமாடிக்குப் போய் என்னை நானே திட்டிக்கொண்டு நிற்பேன்.

என் தங்கச்சி பாண்டிமீனா பதினாறு வருடத்துக்கு முன் அப்பா வேலை பார்த்த கம்பெனியிலேயே வெடி விபத்தில் செத்துப்போனாள். பத்தொன்பது வயது. அவளுக்கு வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலை. நான் அப்போது திருப்பூருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தைக் காட்ட மாட்டேன் என்றார்கள். மூன்று மாதம் கழித்து அப்பாவையும் அம்மாவையும் கையோடு கூட்டி வந்துவிட்டேன்.

கல்யாணமாகாமல் செத்த பெண் எங்கள் வீடுகளில் கன்னி, கும்பிடுகிற தெய்வம். ஓலைப்பெட்டியில் அவளுக்குப் பாவாடை தாவணி, வளையல், ரிப்பன், பவுடர் டப்பா எல்லாம் வைத்து வீட்டின் தென்மேற்கு மூலையில் வைத்திருப்போம். பாண்டிமீனாவின் பெட்டி ஊரில் சித்தப்பா நாகையா வீட்டில் இருந்தது. வருடா வருடம் தை மாதம் அம்மா போய்ப் புதுத்துணி மாற்றி வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவாள். அப்பா ஒரு தடவைகூட உடன் போனதில்லை. காலு வலி என்பார், காய்ச்சல் என்பார். கடைசியில் அம்மா கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

இந்த மாசியில் சித்தப்பா போன் செய்தார். வீட்டை இடித்துவிட்டுக் கட்டப் போகிறாராம். "மதினி, பெட்டிய எங்கன வைக்கன்னு சொல்லுங்க," என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அம்மா அய்யம்மாள் யோசிக்கவே இல்லை. "எம்பிள்ளய நான் கூட்டிட்டு வந்துருதேன்," என்றாள்.

ஆனால் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் கன்னி வரமாட்டாள். அவள் உயிர்விட்ட கம்பெனித் தரையில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவர வேண்டும். அந்தப் பிடிமண்ணைப் பெற்ற தகப்பன்தான் எடுக்க வேண்டும்.

"அண்ணன்காரன் நான் எடுத்தா ஆகாதா?" என்றேன்.

"பெத்தவுக உசுரோட இருக்கையில நீ எடுத்தா அவ வரமாட்டா," என்றாள் அம்மா. "உங்கப்பாவுக்கு இருக்குற புத்தியும் போறதுக்குள்ள எடுத்துரணும்."

அம்மாவுக்கு முட்டி தேய்ந்து, கக்கூசுக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இன்னொரு தடவை ஊருக்குப் போவாளா என்பது சந்தேகம். கூட்டாளியின் காரை இரவல் வாங்கி, விடியற்காலையில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சிவகாசி தாண்டும் வரை அப்பா பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். புதுப்பட்டி ரோட்டில் திரும்பியதும் நிமிர்ந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கந்தக வாட அடிக்கி," என்றார். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. சித்தப்பா வீட்டில் ஆளுக்கொரு வாய் மோர் குடித்தோம். அம்மா பெட்டியைத் துடைத்து மடியில் வாங்கிக்கொண்டாள். அப்பா அந்தப் பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை.

கம்பெனி இருந்த இடம் ஊருக்கு வெளியே. விபத்துக்கு அப்புறம் மூடியதுதான், திறக்கவில்லை. சீமைக்கருவேல முள்ளுக்குள் நாலைந்து மொட்டைச் சுவர்கள் நின்றன. பதினொரு மணி வெயில். அம்மா பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி நடந்தாள். அப்பா எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று போய் ஒரு இடிந்த வாசலில் நின்றார்.

செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து போனையும் சீப்பையும் எடுத்துச் செருப்பின் மேல் வைத்தார். கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்தார். தகடு போன சுவரில் செங்கல்தான் தெரிந்தது. அதில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "அப்பா, ஒரு பிடி மண்ணு எடுங்க, போதும். வெயிலு மண்டயப் பிளக்கு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மகனைப் பார்க்கிற பார்வை இல்லை அது, வேலை வாங்குகிற போர்மேனைப் பார்க்கிற பார்வை.

"போர்மேனு, இன்னைக்கு நாலு கிலோதான் செலவாகும். நீங்கதான் ஆர்டர் அவசரம், ஆறு கிலோ கலக்குன்னு சொன்னீக. நானும் வாய மூடிக்கிட்டுக் கலக்கிட்டேன். மிச்சத்த இப்படி வச்சுட்டுப் போகக் கூடாதுங்க. வெயிலு ஏறுனா சூடு பிடிச்சுரும். தண்ணிய ஊத்தி அழிச்சிருவோம். எம்பிள்ள அடுத்த ரூம்புல இருக்கா."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மருந்து கலக்குகிற வேலை காலையிலேயே முடிந்துவிடும். அன்றைக்கும் அவர் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். மிச்ச மருந்து சூடேறி வெடித்தது மத்தியானம். வேண்டாத இரண்டு கிலோவைக் கலக்கி வைத்துவிட்டு வந்ததைப் பற்றி என்னிடம் அவர் மூச்சு விட்டதில்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. பாவி மனுசா, வேண்டாத மருந்தைக் கலக்க மாட்டேன் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவர் சுவரிலிருந்து கைகளை எடுத்தார்.

"ஊத்தச் சொல்லுங்க. சாமி, ஊத்தச் சொல்லுங்க," என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார் என் அப்பா.

அம்மா பெட்டியை என்னிடம் கொடுத்தாள். பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முள்ளென்றும் பார்க்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் பார்த்துக்கொண்டிருந்த மூலையில் பாட்டிலைக் கவிழ்த்தாள்.

"ஊத்திட்டேன். வந்து பாருங்க."

"எல்லாம் நனைஞ்சிருச்சா?"

"நனைஞ்சிருச்சு."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளே போய்க் குனிந்து, ஈரமண்ணை ஒரு கை அள்ளி, விரலால் நசுக்கிப் பார்த்தார். எங்காவது பொடி காய்ந்து கிடக்கிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு பெருமூச்சு விட்டார். அம்மா மஞ்சள் துணியை விரித்து அவர் கைக்குக் கீழே பிடித்தாள். "இதுல போடுங்க," என்றாள். அவர் போட்டார். பதினாறு வருடமாக ஊர்ப் பக்கமே திரும்பாத மனுசன், பிடிமண்ணை எடுத்தோம் என்று தெரியாமலே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது திருமங்கலம் பக்கம் டீ குடிக்க நிறுத்தினேன். அப்பா காருக்குள் இருந்தார். அம்மாவிடம் கேட்டேன், "உனக்கு முன்னாலயே தெரியுமாம்மா?"

"தெரியும். அன்னைக்கு அவ உடம்ப வாங்கப் போன ஆசுபத்திரி வாசல்லயே ஆறு கிலோ, ஆறு கிலோன்னு பொலம்பிக்கிட்டுக் கெடந்தாக. எனக்கு வெளங்கிருச்சு. உங்க தப்பு இல்லன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? எனக்கு வாய் வரல. போனது எம்பிள்ளயில்லயா." டீயைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தாள். "இந்தப் பதினாறு வருசமும் ஒரு வேளச் சோறு கொறைக்கல. அந்த வார்த்தய மட்டும் குடுக்கல. இனிமே சொன்னா அவுகளுக்கு எங்க வெளங்கப் போகுது?"

டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தேன்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அப்பா பின்னால் திரும்பி, "அய்யம்மா, தண்ணி ஊத்திட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அம்மா ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்டது போலவே, "ஊத்திட்டேங்க," என்றாள். திண்டுக்கல் தாண்டியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டபடியே தூங்கிப்போனாள். மஞ்சள் முடிச்சு அவள் மடியில் இருந்தது. அப்பா மறுபடியும் கேட்டார்.

"ஊத்தியாச்சுப்பா. நல்லா நனைஞ்சிருச்சு," என்றேன் நான்.

"பிள்ள?"

"வீட்டுக்கு வந்துக்கிட்டிருக்கா."

சரி என்று தலையாட்டிவிட்டு ரோட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன்.