காம்ப்ளெக்ஸின் முன்பக்கம்

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வணிக வளாகத்தை நகராட்சி திறந்தது தொண்ணூற்றைந்தில். கல்வெட்டில் வெள்ளி விழா வணிக வளாகம் என்று இருந்தது. அந்தப் பெயரை வாயால் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் அது காம்ப்ளெக்ஸ்தான். நாற்பத்திரண்டு கடைகள், அவற்றுக்கு நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு நடைவழி. நடைவழியின் மத்தியில் பதினேழாம் நம்பர் என்னுடையது. ஜெராக்ஸும் டைப்பிங்கும் செய்கிறேன். கார்த்திகேசன் என்று போர்டில் பெயர் இருக்கிறது.

காம்ப்ளெக்ஸ் சம்பந்தமாக எந்த மனு எந்த ஆபீசுக்குப் போனாலும் அதை அடித்துக் கொடுத்தவன் நான். ஆகவே பஸ் எப்போது எந்தப் பக்கம் வந்தது, யாரால் வந்தது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பின்பக்கக் கடை விருத்தாம்பாள் அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் மெனக்கெட்டதும் இல்லை. மனு போட்டவர் ஜவுளிக்கடை ராமாமிர்தம், பலன் கிடைத்தது அக்காவுக்கு.

அக்காவின் ஊர் புவனகிரிப் பக்கம். வீட்டுக்காரர் காசிநாதன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். கடைக் குலுக்கலில் பெயர் கொடுத்தது அவர்தான். சிதம்பரம் பஸ் நிற்கும் பெரிய ரோட்டைப் பார்த்தபடி முன்பக்கக் கடை விழும் என்று நம்பிக்கொண்டிருந்தார். விழுந்தது முப்பத்தொன்றாம் நம்பர். அது பின்பக்கம், குட்டைத் தெருவில். தெருவின் ஒரு ஓரம் சாக்கடை, மறு ஓரம் காம்ப்ளெக்ஸ் சுவர். ஆண்கள் அந்தத் தெருவுக்கு எதற்காக வருவார்கள் என்பதைச் சுவரின் நிறமே சொல்லும்.

"நம்ம ராசி அப்புடி. வேணாம்னு எழுதிக் குடுத்துடுறேன்" என்றார் காசிநாதன்.

"இருக்கட்டும் மாமா. வூட்டுல ஒக்காந்து தைக்கிறத அங்க ஒக்காந்து தைக்கிறேன். வெளிச்சமாவது வரும்."

ஜாக்கெட் தைப்பதாகத்தான் உத்தேசம். ஆனால் அந்தத் தெருவுக்குள் ஜாக்கெட் துணியோடு எந்தப் பெண் வருவாள்? மூன்று மாதம் அக்கா சும்மா உட்கார்ந்திருந்தார். ஒருநாள், சுவர் ஓரம் வந்த வேலையை முடித்துக்கொண்டு திரும்பிய ஒருவர் மெஷினைப் பார்த்து நின்றார். ஜிப் போன ரெக்சின் பையைக் காட்டி, இதைச் சரிபண்ண முடியுமா என்று கேட்டார். அதுவரை அக்கா ஜிப்பைத் தொட்டதில்லை. முடியும் என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கி வைத்துக்கொண்டார். பழைய பை ஒன்றைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, மறுநாள் அவர் வருவதற்குள் புது ரன்னரை ஏற்றிவிட்டார். கைப்பிடி தைப்பதும் குடை கட்டுவதும் பின்னால் சேர்ந்துகொண்டன. வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள், எல்லாரும் அவசரத்தில் வந்தவர்கள்.

முன்பக்கம் ஒன்றாம் நம்பரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் ராமாமிர்தம். மகள் பெயரில் ஸ்ரீமதி சில்க்ஸ். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் வியாபாரிகள் சங்கத் தலைவரும் அவரே. தலைவரானதும் அவர் செய்த முதல் காரியம், நடைவழியின் பின்கோடியில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டியது. பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடக் கூடாதல்லவா. அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சாவி யாருகிட்ட இருக்கும்?"

"சங்கத்துகிட்ட" என்று சொல்லி ராமாமிர்தம் அதைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டார்.

பஸ்களால் பிழைத்தவர் அவர். அந்தப் பஸ்களைப் பார்த்தாலே அவருக்குப் பிடிக்காமல் போனது ஆறேழு வருடத்துக்கு அப்புறம். பஸ் வந்து நின்றால் அவருடைய போர்டு மறைகிறது, கண்ணாடி அலமாரியில் புகை படிகிறது, ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் வாசற்படியில் வெற்றிலைச் சாறு துப்புகிறார்கள். இரண்டாயிரத்து நாலில் என்னிடம் வந்து மனு அடிக்கச் சொன்னார். பேருந்து நிறுத்தத்தைச் சற்றுத் தள்ளி அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம்.

"சற்றுன்னா எவ்ளோ தூரம்னு போட்டுடலாங்களா?" என்று கேட்டேன்.

"அவுங்களுக்குத் தெரியாதா? அடி நீ."

அவர்களுக்கு என்ன தெரிந்ததோ, நாலு மாதத்தில் சாக்கடைக்கு மூடி போட்டார்கள், குட்டைத் தெருவை அகலப்படுத்தினார்கள், பெரிய ரோட்டை ஒருவழிப் பாதையாக்கினார்கள். சிதம்பரம் போகும் பஸ் எல்லாம் குட்டைத் தெருவில் திரும்பி, முப்பத்தொன்றாம் நம்பருக்கு நேர் எதிரே வந்து நின்றது. நிறுத்தம் சற்றுத் தள்ளித்தான் போயிருந்தது, ஒரு காம்ப்ளெக்ஸ் தூரம்.

பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகப் பையை எறிந்து சீட் பிடிக்கிற ஊர் எங்களுடையது. அந்தப் பைகளில் பாதியாவது ஜன்னல் கம்பியில் மாட்டிக் கிழியும். கிழிந்த பையோடு திரும்பிப் பார்த்தால் எதிரில் தையல் மெஷின். அக்கா கொக்கி ஊசியும் கையுமாக வெளியே வந்து நின்றபடியே தைத்துக் கொடுத்தார். பஸ்ஸின் கண்டக்டர்களே விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

"அக்கா, டைம் ஆச்சுக்கா."

"கைப்புடி இல்லாம ஆளு எப்புடிப்பா ஏறும்? ரெண்டு தையல்தான், இரு."

மூத்திர நாற்றம் போனது. டீக்கடை வந்தது, பூக்காரர்கள் வந்தார்கள், பெண்களும் வந்தார்கள். கேட்டைத் திறந்துவைக்கச் சொல்லி வியாபாரிகள் எல்லாரும் ராமாமிர்தத்தைக் கேட்டார்கள். அவரும் திறந்தார். திறந்ததும் முன்பக்கம் வந்துகொண்டிருந்த நாலு வாடிக்கைக்காரர்களும் அந்த வழியாகப் பின்பக்கம் போய்விட்டார்கள். ஸ்ரீமதி சில்க்ஸ் போர்டு இப்போது நன்றாகத் தெரிந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

அடுத்த வருடமே பஸ்ஸைப் பழையபடி முன்பக்கம் விடச் சொல்லி இன்னொரு மனு அடித்தோம். பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று போனது, இரண்டு போனது. பிறகு அவரே அலுத்துப்போய் வேறு வழி தேடினார். முப்பத்திரண்டாம் நம்பர்க்காரர் ஊரைவிட்டுப் போனபோது அந்தக் கடையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஜவுளிக்கு அது போதவில்லை. நடுச்சுவரை இடிக்க முப்பத்தொன்று வேண்டியிருந்தது.

"ஒன் நன்மைக்குத்தாம்மா சொல்றேன். ஒன்னாம் நம்பர நீ எடுத்துக்க. முன்பக்கம்னாலே ஒரு கவுரவம்" என்றார் அக்காவிடம்.

"பை தைக்கிறவளுக்கு எதுக்குங்க கவுரவம்?"

அவர் விடவில்லை. இரண்டு மாதம் தினமும் வந்தார். வாடிக்கைக்காரர்களுக்காகப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றாம் நம்பரின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். வாடிக்கைக்காரர்கள் நின்றார்கள். காசிநாதன் கூடவே கூடாது என்றார். அப்படியும் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏன் என்று பிற்பாடு நான் கேட்டேன்.

"அவுரு அந்த ஸ்டூல விட்டு எந்திரிச்சாப் போதும்னு ஆயிடுச்சு தம்பி."

இரண்டாயிரத்து ஒன்பது ஆவணியில் ராமாமிர்தம் குட்டைத் தெருவில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் புதுக்கடை திறந்தார். திறப்பு விழாவுக்கு எங்கள் எல்லாருக்கும் துண்டு கொடுத்தார். அக்கா மெஷினைத் தூக்கிக்கொண்டு வெறிச்சோடிய முன்பக்கத்துக்குப் போனார். பழைய வாடிக்கைக்காரர்கள் கிழிந்த பையோடு வந்து கண்ணாடிக் கதவைத் திறந்து கேட்டால், பை தைக்கிற அம்மா எங்கே போனார் என்று தெரியாது என்பதே பதில். பெரிய ரோட்டில் ஸ்கூட்டரில் போகிற சில பெண்கள் ஜாக்கெட் தைக்க வந்தார்கள். பதினாலு வருடத்துக்கு முன்னால் நினைத்த தொழில் அப்போதுதான் அமைந்தது. ஆனால் கை ஜிப்புக்குப் பழகிவிட்டிருந்தது. இரண்டு ஜாக்கெட்டைக் கெடுத்துத் துணிக்குத் துணி வாங்கிக் கொடுத்தார். மதியத்தில் என் கடைக்கு வந்து சும்மா நிற்பார். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. ஜெராக்ஸ் மெஷினிலிருந்து காகிதம் வருவதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கடை மாறிய பதினோராம் மாதம் ஒரு கடிதம் வந்தது. சங்கத்துக்கு வரும் தபால் எல்லாம் என் கடை விலாசத்துக்குத்தான் வரும். பார்வையில் கண்ட தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு, சிதம்பரம் மார்க்கப் பேருந்துகள் மீண்டும் பிரதான சாலை வழியாகவே இயக்கப்படும் என்று போட்டிருந்தது. நான் இரண்டு தடவை படித்துவிட்டு ராமாமிர்தத்திடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். படித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இது நாம எப்ப குடுத்தது?"

"ரெண்டாயிரத்தஞ்சுல."

"வாபஸ் வாங்கல?"

"நீங்க சொல்லலிங்களே."

"பதிலே வராதுன்னுதானடா நம்பியிருந்தேன்" என்றார். அரசாங்கம் தன்னைக் கைவிட்டுவிட்டது என்ற தொனியில் அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் கேட்டதைக் கொடுத்ததற்காக.

அடுத்த திங்கட்கிழமை சிதம்பரம் பஸ் ஒன்றாம் நம்பர் வாசலில் வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பைகள் பறந்தன. சாயங்காலம் ராமாமிர்தம் நடைவழி முழுக்க நடந்து அக்காவின் கடைக்கு வந்தார்.

"யாரப் புடிச்ச நீ? உள்ளுக்குள்ள வேல பாத்துட்டியே."

"நான் யாரையும் புடிக்கலிங்க. பஸ்ஸுதான் வந்து நிக்கிது."

இருந்தும் அக்காவுக்கு அது உறுத்தியது. மறுநாள் காலையில் என்னிடம் வந்து ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். அவர் தனக்கென்று கொடுத்த முதலும் கடைசியுமான மனு அது. ஒன்றாம் நம்பரைத் திருப்பிக் கொடுக்கிறேன், முப்பத்தொன்று போதும் என்று நாலே வரி. ராமாமிர்தம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அவுளுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு கார்த்தி. மறுபடியும் பின்னால வரப்போவுது. இல்லன்னா எவ இப்புடி எழுதிக் குடுப்பா?"

மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார். எட்டு வருடம் அந்தப் பக்கமே உட்கார்ந்து பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். அக்காவோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்.

அக்காவின் மகள் தமிழினிக்குக் கல்யாணம் வந்தபோது முகூர்த்தப் புடவை எங்கே எடுப்பது என்று ஒரு சிக்கல். காம்ப்ளெக்ஸிலேயே ஜவுளிக்கடை இருக்கிறது. ஆனால் பேசாத மனிதரின் கடைக்குள் எப்படி நுழைவது? அக்காவும் மகளும் வாசலில் நின்ற பஸ்ஸில் ஏறிச் சிதம்பரம் போய் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த வருடங்களில் எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் செய்தார்கள். பஸ் வந்தால் ஜனம் வரும் என்று கணக்குப் போட்ட நாங்கள், அதே பஸ்ஸில் ஏறி ஜனம் போகவும் செய்யும் என்பதை யோசிக்கவில்லை.

ராமாமிர்தத்துக்கு அழைப்பிதழ் வைக்க அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுக் கணக்கு நோட்டைப் பிரித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு மட்டும் முதல் ஆளாக வந்தார், கையில் ஒரு பட்டுப்புடவைப் பெட்டியோடு.

"நம்ம கடையில எடுத்திருந்தா சாயம் போவாதுன்னு எழுதியே குடுத்திருப்பேன்" என்றார்.

"மொறைக்கிறவுங்ககிட்ட எப்புடிங்க பேரம் பேசுறது?" என்றார் அக்கா. அவர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் பேச்சு நிற்கவில்லை.

பிறகு புறவழிச்சாலை வந்தது. நீண்ட தூர பஸ்கள் பல ஊருக்குள் வராமலே சிதம்பரம் போய்ச் சேர்ந்தன. எங்கள் காம்ப்ளெக்ஸுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை என்று ஆனது. மழைக்கு மேல்தளம் ஒழுகியது, நடைவழியில் காரை பெயர்ந்து விழுந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், இடித்துவிட்டுப் புதிதாக மூன்று மாடி கட்டப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பழைய கடைக்காரர்களுக்கு முன்னுரிமை என்று சொல்லி ஒரு பெண் அதிகாரி வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு முன்பக்கம் வேணுமாம்மா, பின்பக்கம் வேணுமா?"

"பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்குங்க?" என்று அக்கா கேட்டார்.

அதிகாரி வரைபடத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "அது வேற டிபார்ட்மெண்டும்மா. இன்னும் முடிவாகல."

"அப்ப முடிவானப்பறம் சொல்றேங்க."

அப்படியெல்லாம் எழுத இடமில்லை என்று அதிகாரி சொல்ல, அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன இடத்தைக் காட்டினார். அதை வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. ராமாமிர்தம் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று மகள் பெயரிலும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

கட்டடம் இன்னும் அஸ்திவாரத்தில்தான் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் பக்கத்து மைதானத்தில் தகரக் கொட்டகையில் இருக்கிறோம். இங்கே பஸ் வராது. சாப்பாடும் பார்சலும் கொண்டுபோகிற பையன்கள் பைக்கில் வருகிறார்கள். அவர்கள் முதுகில் மாட்டுகிற பெரிய பைகளுக்கு ஆறு மாதத்தில் ஜிப் போய்விடுகிறது. காலையில் பதினோரு மணிக்குள் அக்காவின் மெஷின் முன்னால் பத்துப் பைகள் சேர்ந்துவிடும். அவற்றில் பாதிப் பைகளில் போவது ஆன்லைனில் வாங்கிய புடவைகள் என்று ராமாமிர்தத்துக்கும் தெரியும். காசிநாதன் ஓய்வுபெற்றுவிட்டார், ரன்னர் டப்பாவைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

போன வாரம் ராமாமிர்தம் என் கொட்டகைக்கு வந்தார். எழுபத்தைந்து வயதாகிறது, குரல் குறையவில்லை. பார்சல் பையன்களின் பைக்குகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, அவற்றைச் சற்றுத் தள்ளி நிறுத்த ஏற்பாடு செய்யும்படி ஒரு மனு அடிக்க வேண்டுமாம். நான் அடித்தேன். சங்கத்து ஆட்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா படித்துப் பார்க்கவில்லை. கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, எங்கே போட வேண்டும் என்று கேட்டுப் போட்டார்.