கிரகணத்தன்று அண்ணன் திறந்த புத்தகம்

எங்கள் அண்ணன் சேலத்துக்கு மேலே மலையிலுள்ள வாழவந்தியில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பள்ளிப் படிப்போடு நின்று, எஸ்டேட்டில் ரைட்டர் வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். தமக்கென்று அவர் சேர்த்தவை ஒரு சிறு தொலைநோக்கியும் பழைய வானியல் புத்தகங்களும்தான். எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தவர்கள் குப்பையில் போட்ட புத்தகங்கள் அவை. "செல்லரிச்ச காயிதம்" என்று சிரித்த உறவினர்களும் இந்த நினைவு மலரைப் படிப்பார்கள். அவர்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

எண்பதாம் ஆண்டு மாசியில் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் இருந்தேன். சூரிய கிரகணத்தன்று பிற்பகல் வலி எடுத்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அம்மாவோ கதவைத் தாழிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

"கிரகணம் உடற வரைக்கும் புள்ளத்தாச்சி ஊட்டத் தாண்டப்படாது சாமி."

எஸ்டேட் ஜீப் டிரைவருக்கு வேறு பயம். "ஏனுங்க, பட்டப்பகல்ல கும்மிருட்டாயிரும்ங்கறாங்க. வண்டியில லைட்டும் எரியறதில்லீங்க. நடு வளைவுல இருட்டுனா எல்லாரும் பள்ளத்துலதானுங்க."

அண்ணன் ஓடிப்போய் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துவந்தார். எங்கள் தாத்தா பிறக்கும் முன்பே அச்சானது அது. பின்னால் வரப்போகும் கிரகணங்களையும் கணக்கிட்டு, முழு இருட்டு விழும் பாதையை அதில் கோடாக வரைந்திருந்தார்கள்.

"கோடு நமக்கு வடக்கால நொம்பத் தூரத்துல போவுது, பாருங்க. இங்க வெளிச்சம் மங்கும், இருட்டாவாது."

"தாத்தன் காலத்துப் பொஸ்தகத்த நம்பியா?" என்றார் அம்மா.

"பொஸ்தகம் பழசாயிட்டா சூரியன் வேற வழியிலயா போவும்? கதவத் தொறங்கம்மா!"

அம்மாவிடம் அண்ணன் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான். அம்மா தாழை விலக்கினார்.

வளைவுக்கு வளைவு வெயில் வெளுத்துக்கொண்டே வந்தது. காக்கைகள் மரத்தில் அடையத் தொடங்கின. வலி பொறுக்காமல் அண்ணன் கையைக் கடித்துவிட்டேன். ஓரிடத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்து, "இருட்டுதுங்க!" என்றார்.

"இதுக்கு மேல இருட்டாது. போங்க."

போனோம். இருட்டவில்லை. ஆபரேஷன் செய்து என் மகளை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா.

கிரகங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும் பக்கங்கள் அந்தந்த ஆண்டோடு முடிந்துபோகும், நட்சத்திரப் படமும் கிரகணக் கணக்கும் பேரன் காலத்துக்கும் உதவும் என்பார் அண்ணன். அதனால் அவருடைய புத்தகங்களை எடைக்குப் போடச் சொல்லி யாரும் வர வேண்டாம். பார்க்க விரும்புகிறவர்கள் எப்போதும் வரலாம்.

அண்ணனின் கடைசி நாட்களில் மருந்தும் கஞ்சியுமாக வந்து நின்ற அக்கம்பக்கத்தாருக்கும், இறுதிவரை தோள்கொடுத்த அதே டிரைவர் அண்ணாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

படுக்கையில் இருந்தவரிடம் ஒருநாள் கேட்டேன்: "அன்னிக்கு உங்களுக்குப் பயமே இல்லீங்களாண்ணா?"

"இருட்டுக்குப் பயமில்ல கண்ணு. அது பொஸ்தகத்துல இருந்துச்சு. நீ பொழைப்பியான்னுதான் எதுலயும் போடல."