மாப்பிள்ளையை இருட்டாக்கிய வளையம்

எங்கள் வீட்டில் ஒரு விஷயம் நன்றாக இருந்தால்தான் சந்தேகமே ஆரம்பிக்கும். சித்திக்கு வந்த வரனின் போட்டோ பளிச்சென்று இருந்தது. அப்பாவுக்கு அது போதும். “ஸ்டூடியோக்காரன் மெழுகி வெச்சிருக்கான்” என்றார். பெண் பார்க்க வருவதற்குள் ரகசியமாக ஒரு படம் எடுத்தாக வேண்டும் என்று முடிவாயிற்று.

மாமா அதை ஏற்றுக்கொண்டார். அவரிடம் இருந்தது சாதாரண லென்ஸ்தான். தூரத்து ஆளைப் பிடிக்க, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் டெலிகன்வர்ட்டர் என்ற கறுப்பு வளையத்தைச் சாந்தினி சௌக்கில் பழையதாக வாங்கி, வாரம் முழுக்க அதன் பெருமையே பேசியிருந்தார்.

மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்.கே.புரம் மலைக்கோயிலுக்கு வருவார் என்று துப்பு. வேப்பமரத்துக்குப் பின்னால் மாமா. யாரும் சந்தேகப்படாமலிருக்க, பக்கத்தில் சின்னப் பெண்ணான நான். படியிறங்கியவர் யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தார். மாமா க்ளிக்கிவிட்டு எனக்கும் காட்டினார். படத்தில் ஆள் கிட்டத்தில் வந்திருந்தார். ஆனால் அதற்குள் இருட்டிவிட்டது போலிருந்தது.

“ஏன் மாமா, இருட்டா இருக்கு?”

“கிட்ட இழுத்தா வெளிச்சம் கொறையும்டி. இதைப் போய் அப்பாகிட்ட உளறாதே.”

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். முகம் சாம்பல் பூத்து, கண்ணுக்குக் கீழே குழி விழுந்து, ஓரமெல்லாம் கலங்கியிருந்தது. சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. அம்மா, “தூங்கறதில்லையோ” என்றாள். அப்பா, “தண்ணி” என்று ஒரே வார்த்தையில் முடித்தார். மாமா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளையத்தைக் குறை சொன்னால் அதை வாங்கியவரையும் சொன்னது மாதிரி ஆகிவிடுமே.

சித்திதான் மெதுவாக, “அத்தான், பின்னால இருக்கற சுவரும்தான் சீக்காளி மாதிரி தெரியுது” என்றாள்.

“அச்சா, சுவருக்கா கழுத்தை நீட்டப் போறே?”

ஜாதகம் சேரவில்லை என்று காலையில் போன் செய்துவிடுவதாக ஏற்பாடு.

காலையில் சித்தி என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டாள். “நீ நேர்லயும் பார்த்தேல்ல? எப்படி இருந்தார்?”

“சிரிச்சார்.”

“நிஜமாவா?”

“சத்தமா சிரிச்சார் சித்தி. நல்லா இருந்தார்.”

கைப்பையிலிருந்து ஒரு சாக்லேட் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஈரத்துணியை உதறத் தொடங்கினாள். சரியான பதிலுக்குப் பரிசு என்று நினைத்து நான் உள்ளே வந்தேன். அப்பா போனில் நம்பர் அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து சாக்லேட்டை முழுவதும் தின்றேன். சித்தியிடம் சொன்னதை அவரிடமும் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.