பாவு கொடுப்பவரும் வீடு கொடுப்பவரும்

டெம்போவிலிருந்து பாவு உருளையை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலைச் சுற்றிய உருளையை, இறக்கியதும் கமலவேணி முதலில் டிரைவரின் முகத்தைத்தான் பார்ப்பார். நூலைத் தொடுவது அப்புறம். முகம் சரியில்லை என்றால் உருளை வாசலிலேயே கிடக்கும். "மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? இழையைக் கொறைச்சுட்டாங்களா?" பல்வலி என்று டிரைவர் வாயைத் திறந்து காட்டினாலும் விடமாட்டார். எந்தப் பல் என்று கேட்பார்.

ஜலகண்டாபுரம் பக்கம் எங்கள் பேரூராட்சியில் இவரைத் தெரியாதவர் இல்லை. நாற்பதைத் தாண்டியவர். வாடகை வீட்டின் முன்னறையில் இரண்டு விசைத்தறிகள் போட்டுத் துண்டு நெய்கிறார். நூல் முழுவதும் முதலாளி கொடுப்பது. நெய்து கொடுத்தால் கூலி. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் கோயிலில்கூட இறங்காது. அதனால் அவருடைய வேண்டுதல் தெருவுக்கே தெரியும்: தறி ஓட்டுகிற மாதிரி ஒரு சொந்த வீடு.

யாராவது நல்லது செய்தால்தான் இவருக்குப் பயம். எடை போட்டுக் காட்டாமல் சிலிண்டர்காரர் தெருமுனையைத் தாண்ட முடியாது. பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் ஒருநாள் கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்தாள்.

"அதெல்லாஞ் சரி, எதுக்கு?"

"பையனுக்குப் பொறந்த நாளு அக்கா."

"போன வருசமும் பொறந்திருந்தானே?"

வீடு விஷயத்தில் அவர் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அரசு வீட்டின் வரைபடம் முன்பெல்லாம் எங்கிருந்தோ வரும். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. தறிக்கு இடமே இருக்காது. வீடு கிடைத்தவர்கள் படுக்கையறைச் சுவரை இடித்துத் தறி போட்டார்கள். மேல்தளம் விரிசல் விட்டது. இன்றைக்கும் அந்த வீடுகளில் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் சோறு தின்கிறார்கள்.

இப்போது வரைபடம் போடுவதும் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் பேரூராட்சியின் அதிகாரம் என்று ஆகியிருக்கிறது. தறிக்கு அறை வைத்தே வீடு கட்டலாம். நான் சந்தோஷமாகப் போய், "அக்கா, இனி எல்லாம் நம்ம ஊர்லயே முடிவு" என்றேன். தறியை நிறுத்தினார்.

"நம்ம ஊர்லன்னா யாரு?"

"தலைவர் குருமூர்த்தி."

"எனக்குப் பாவு குடுக்கறது யாரு?"

அதுவும் குருமூர்த்திதான். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சேலத்து ஆபீசருக்கு என்னையத் தெரியாது சாமி. அது ஒரு நிம்மதி. இவருக்கு என்னைய நல்லாத் தெரியும். கூலி கட்டுபடியாகலைன்னு நாளைக்கு வேற மொதலாளிகிட்டப் போனா, ஊடு எனக்கு வருமா? பாவு குடுக்கறவரே ஊடும் குடுத்தா, நான் யார்கிட்டப் போய்ச் சண்டை புடிக்கறது?"

குருமூர்த்தி கெட்டவர் அல்ல. தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவரே ஏணி பிடிப்பார். கல்யாண மண்டபத்தில் வார்டுக் கூட்டம் நடந்தபோதும் இனிமையாகத்தான் பேசினார். "யாருக்கு ஊடுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. கிளார்க் பேர் படிப்பாரு, சம்மதம்னா கை தூக்குங்க." வீடு கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள் நாற்பது பேர், ஊருக்கு வந்திருப்பது பன்னிரண்டு வீடுகள். கூட்டத்தில் பாதிப்பேர் அவரிடம் பாவு வாங்குகிறவர்கள்.

கமலவேணி எழுந்தார். "ஏனுங்க தலைவரே, நீங்க கொஞ்சம் வெளிய போயி உக்காருங்க."

மண்டபம் சிரித்தது. குருமூர்த்தியும் சிரித்தார். "எதுக்குங்கக்கா? நான் என்ன புலியா?"

"புலின்னாப் பரவால்லீங்க, கூலி குடுக்காது. நீங்க இங்க நின்னா யாரு கை தூக்கறாங்க, யாரு தூக்கலைன்னு பாப்பீங்க. அவங்களும் உங்களப் பாத்துட்டுத்தான் தூக்குவாங்க."

சிரிப்பு நின்றது. செல்லியம்மாள் அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, வாய வெச்சுட்டு சும்மா உக்காரு. உன் ஊட்டை நீயே கெடுத்துக்காத."

"நீங்களே முடிவு பண்ணுங்கன்னு சொன்னது அவருதானே? நான் சொல்லல."

பின்வரிசையில் ஒருவர், "அந்தக்கா சொல்றது நாயந்தானுங்க" என்றார். குருமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். முகப்பில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து செல்போனை எடுத்தார்.

கிளார்க் படிக்கத் தொடங்கினார். கமலவேணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வாசற்படியில் போட்டு, மண்டபத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். உள்ளே இருக்கிற யாருக்காவது தலைவர் போன் போட்டுவிட்டால்?

நான்காவதாக அவர் பெயர் வந்தது.

"அக்கா, உன் பேருதான்! திரும்பிப் பாரு!" என்று செல்லியம்மாள் கத்தினாள்.

உள்ளே கைகளை எண்ணும் சத்தம் கேட்டது. கமலவேணி திரும்பவில்லை. குருமூர்த்தியின் செல்போனை விட்டுக் கண்ணை எடுக்காமல், நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.