கல்யாணக் கூடாரமும் என் புரோட்டீன் பாட்டிலும்

ரந்தாவிலிருந்து கோலா சாவா வரை அன்று சாயங்காலம் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை! செம்பனைத் தோட்டத்துச் சாலையில் தனியாக நின்று கத்தினேன்.

ஓடி முடித்தால் சோறு கிடையாது, புரோட்டீன் பவுடர்தான் என்பது என் சட்டம். அம்மா நீட்டும் தட்டைத் தள்ளிவிட்டு, அறையில் உட்கார்ந்து அதைக் குடிப்பேன். தூரம் ஓடும் நாளில் அதைப் பாட்டிலில் கலந்து கையோடு கொண்டுபோவேன்; அன்று பார்த்து மறந்துவிட்டேன். கைகால் நடுங்கத் தொடங்கியது.

கொஞ்ச தூரம் நடந்ததும், சாலையை அடைத்து ஒரு கல்யாணக் கூடாரம். வியர்வை சொட்ட ஓரமாக நழுவப் பார்த்தேன். ஒரு பெரியவர் கரண்டியோடு வழிமறித்தார்.

“பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடாம்மா?”

“ரெண்டும் இல்ல அங்கிள். சும்மா ஓட வந்தேன்.”

“ஓடுனா பசிக்கும்லா! கூடாரத்துக்குள்ள வந்துட்டு சாப்பிடாம போனா, பொண்ணோட அப்பா நான், எனக்குத்தான் அவமானம். உக்காரு!”

பட்டுப்புடவைகளுக்கு நடுவே அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தேன். சுடச்சுடச் சோறு, பருப்பு, கோழிப் பிரட்டல். அடடா, என்ன ருசி! பக்கத்திலிருந்த அக்கா யாரென்றுகூடக் கேட்காமல் தன் அப்பளத்தை என் தட்டில் வைத்தார். மறுசோறு வாங்கும்போதுதான் நடுக்கம் போயிருந்ததைக் கவனித்தேன். இப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

கை கழுவியதும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“சாப்டியாம்மா?”

“இன்னும் இல்ல. நீ வந்தா ஒருவேளை சேர்ந்து சாப்பிடுவியோன்னு தினமும் பார்ப்பேன்லா.”

வயிறு முட்ட இருந்தது. இருந்தும் வீட்டுக்குப் போய், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.