ஸ்டெல்லா அக்கா படுத்துக் காட்டியது

செவ்வாய்க்கிழமை காலை பூந்தமல்லியில் பேருந்துக்கு நின்றிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அவருடைய கணவர். "ஸ்டெல்லா பூட்டாம்மா. காபி போட எழுந்தா, அப்டியே சாஞ்சிட்டா." மாரடைப்பு. அக்காவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

கள்ளிக்குப்பத்துக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். அது அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அம்பத்தூரில் ஒரு மாடியில் நடந்த ஜியு-ஜிட்சு தற்காப்புக் கலை வகுப்பில் நாங்கள் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் தூத்துக்குடியிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து, சென்னீர்குப்பத்தில் தனியாக இருந்தவள், பயத்தினால் சேர்ந்தேன். அவர் ஏன் சேர்ந்தார் என்று கேட்டேன். "டாக்டரு நடக்கச் சொன்னாரு கண்ணு. நடந்தா போரடிக்கிது" என்றார்.

மூன்றாவது வாரம் 'ஓபன் கார்ட்' என்ற தடுப்புப் பயிற்சி தொடங்கியது. மல்லாந்து படுத்து, எதிராளியின் சட்டைக் கைகளைப் பிடித்துக்கொண்டு, பாதங்களை அவர் இடுப்பில் ஊன்றி நெருங்கவிடாமல் நிறுத்த வேண்டும். அக்காவின் பிடி ஒவ்வொரு முறையும் நழுவியது. எனக்கோ, மேலே ஒருவர் கவிந்தாலே மூச்சு அடைத்தது. வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா இரண்டு பேருந்து மாறி என் வீட்டுக்கே வந்துவிட்டார். சோபாவைச் சுவரோரம் தள்ளினார். தரையில் படுத்தார்.

"நீ மேல வா. நான் கீழ கீறேன்."

நான் குனிந்ததும் என் கையைச் சுற்றித் தன் காலைக் கயிறு போல வளைத்தார். லாசோ என்று அதற்குப் பெயர். பயிற்சியாளரிடம் தனியாகக் கேட்டுக் கற்றிருந்தார். "வெரலு உட்டாலும் காலு உடாது, பாரு!"

உண்மைதான். என்னால் கையை உருவ முடியவில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் வந்தார். மூன்றாவது ஞாயிறு, "இப்ப நீ படு" என்றார். படுத்தேன். அவர் குனிந்ததும் எனக்கு மூச்சு சிக்கியது. அப்படியே நின்றார்.

"எழுந்துக்கணும்னா சொல்லு, நவுந்துர்றேன்."

"இருங்க அக்கா."

எவ்வளவு நேரம் ஆனதோ, அவர் அசையவே இல்லை. பிறகு என் கால் அவர் கையைச் சுற்றியது. இடுப்பைத் திருப்பி உதைத்தேன். செருப்பு ஸ்டாண்டோடு போய் விழுந்தார்.

"அடிப்பாவி, கவுத்துட்டியே!" விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தார். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

மறுநாள் இருவரும் வகுப்புக்குப் போனோம். அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. அவரைப் பொறுமைசாலி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தோற்றால் பத்து நிமிடம் யாரோடும் பேசமாட்டார். பிறகு அவரே வந்து, "இன்னொரு தபா வா" என்பார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தின் குறுகிய பாதையில் வண்டி போகவில்லை. உறவுக்கார ஆண்கள் பெட்டியைத் தூக்க வந்தார்கள். வகுப்புத் தோழிகள் நாங்கள் நால்வர் ஒதுங்கி நின்றோம். அவர் கணவர் எங்களைக் கைகாட்டி அழைத்தார். "நீங்களும் புடிங்கம்மா. உங்கள மாரி அவள யாருக்குத் தெரியும்?"

மழைச் சேற்றில் வெறுங்காலோடு, பெட்டியின் ஒரு பக்கத்தைத் தோளில் தாங்கி நாங்கள் நால்வரும் நடந்தோம். ஒருத்தியும் தடுமாறவில்லை.

பத்திரமாக இறக்கி வைத்துவிட்டோம், அக்கா. ஓய்வெடுங்கள்.